தாத்தாவின் பேன்ட்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. மும்பையில் சிவாஜி பார்க் பக்கம் வீடு பார்த்தாயிற்று என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆபீஸில் எல்லாரும் பால் தாக்கரேயைப் பாலாசாகேப் என்று உருகுகிறார்கள், அந்தப் பேரை எடுத்தால் தாத்தா மட்டும் ஏன் எழுந்து போய்விடுவார் என்று கேட்டாயே. போனில் சொல்ல வரவில்லை.

நாங்கள் மாட்டுங்காவில் குடியிருந்தோம். தாத்தா டைப்பிஸ்ட். கார்ட்டூன் போட்டுக்கொண்டிருந்த பால் தாக்கரே 1966-ல் சிவசேனா கட்சியைத் தொடங்கினார். மராத்திக்காரன் வேலையைத் தென்னிந்தியன் பறிக்கிறான் என்று, கம்பெனிகளில் இருந்த நம் ஆட்களின் பெயர்களைத் தன் 'மார்மிக்' வார இதழில் பட்டியல் போட்டார். லுங்கியை விரட்டு என்று கோஷம். அதிலிருந்து தாத்தா பால் வாங்கப் போகவும் பேன்ட்தான். லுங்கிக்கு அடியிலேயே பேன்ட்டை ஏற்றி, லுங்கியை உருவி நாற்காலியில் போட்டுவிட்டுத் தூக்குவாளியோடு இறங்குவார். ஊருக்கு வந்த பிறகும், வாசலில் தபால்காரர் கூப்பிட்டால் அதே வேலை.

இத்தனைக்கும் தாக்கரேயின் அப்பா பிரபோதன்கர் புரோகிதத்தை எதிர்த்து எழுதியவர். நம்மூரில் பிறந்திருந்தால் கறுப்புச் சட்டை போட்டிருப்பார்.

எண்பதுகளில் லுங்கி போய் இந்துத்துவம் வந்தது. நாமும் நம்மவர் ஆகிவிட்டோம், முஸ்லிம்கள் அந்நியர் ஆனார்கள். 1992-93 மும்பைக் கலவரத்தில் சுமார் 900 பேர் செத்தார்கள். தேர்ந்த தளபதி மாதிரி தாக்கரே ஆட்களை ஏவினார் என்று, அதை விசாரித்த ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் எழுதியது. அதற்குத் தண்டனை ஏதும் இல்லை. மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்ட வேறொரு விவகாரத்தில் ஆறு வருஷம் ஓட்டுரிமை போனது, அவ்வளவுதான்.

இதையும் சொல்லிவிடுகிறேன். பாட்டிக்கு நடுராத்திரி நெஞ்சு வலி வந்தபோது ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்தது பக்கத்து ஷாகா (சிவசேனாவின் கிளை) பையன்கள்தான். ஸ்ட்ரெச்சரை மூன்று மாடி இறக்கினார்கள், காசு வாங்கவில்லை. உன் ஆபீஸ்காரர்கள் உருகுவது முழுக்கப் பொய் இல்லை. தாத்தாவும் அதை மறுத்ததில்லை. அன்றைக்கும் பேன்ட் மாட்டிக்கொண்டுதான் வண்டியில் ஏறினார்.

ஆபீஸில் வாயைக் கொடுக்காதே. 2012-ல் தாக்கரே இறந்தபோது ஊரை ஏன் மூட வேண்டும் என்று ஃபேஸ்புக்கில் கேட்ட, மும்பைக்குப் பக்கத்துப் பால்கர் ஊர்ப் பெண்ணையும், அதற்கு லைக் போட்ட தோழியையும் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது.

பருப்புப் பொடி கொரியரில் போட்டிருக்கிறேன். அப்புறம் ஒன்று கேட்கணும். மாப்பிள்ளை அங்கே பால் வாங்க லுங்கியோடு போகிறாரா?

அன்புடன்,
அம்மா