அம்மாவின் பாட்டுகளைத் தேடித் தந்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

வணக்கம். மறதிநோயுடன் வாழும் எங்கள் அம்மாவுக்கு இன்று பெருந்துணையாக இருப்பது பாட்டு. அந்தத் துணையை அமைத்துக்கொடுத்தவர்கள் பலர். அம்மாவைத் தனியே விட்டு அவர்களை வீடு தேடிச் சென்று பார்க்க இயலாததால், இம்மடலின் வழியே நன்றி கூறுகிறோம்.

புதுச்சேரி ஜிப்மரில் அம்மாவைப் பரிசோதித்த நரம்பியல் மருத்துவருக்கு முதல் நன்றி. அல்சைமர் நோயில், புதிய நிகழ்ச்சிகளைப் பதிந்துவைக்க உதவும் ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப் பகுதி தொடக்கத்திலேயே பழுதுபடுவதால்தான் காலையில் சாப்பிட்டது மதியம் மறந்துபோகிறது என்றும், நெடுநாள் பழகிய பாட்டை அடையாளம் காணும் மூளைப் பகுதிகளோ ஒப்பீட்டளவில் குறைவாகவே சேதமடைகின்றன என 2015இல் ஜெர்மனியின் லைப்சிக் நகர ஆய்வாளர்கள் தெரிவித்தார்கள் என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். அதே மூச்சில், பாட்டு இந்நோயைக் குணப்படுத்தாது என்பதையும் சொன்னார். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வின்படி, இசைச் சிகிச்சையால் மனச்சோர்வு குறைய வாய்ப்புண்டு; நினைவாற்றலில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. வீண் ஆசையை வளர்த்துக்கொள்ளாமல் எங்களைக் காத்தது அவருடைய அந்த நேர்மைதான்.

அம்மா சிறுமியாகவும் இளம்பெண்ணாகவும் இருந்தபோது கேட்ட பாட்டுகளைத் தேடிப் போடுமாறு அவர் அறிவுறுத்தியபோது நாங்கள் விழித்தோம். நாங்கள் பிறப்பதற்கு முன் அம்மா எதைக் கேட்டார், எதைப் பாடினார் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. குறிஞ்சிப்பாடியிலிருந்து தாய்மாமா வந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். நெசவாளர் வீட்டில் தறிக்குப் பக்கத்திலேயே வானொலிப் பெட்டி இருக்குமாம். இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு ஓடிக்கொண்டே இருக்குமாம். அவர் நினைவிலிருந்து எழுதிக் கொடுத்த பட்டியலில் இருந்த பாட்டுகளைப் போட்டபோது, மாதக்கணக்காக மடியிலேயே கிடந்த அம்மாவின் கைகள் எழுந்தன. வலக்கை காற்றில் ராட்டையைச் சுற்ற, இடக்கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இல்லாத நூலைப் பதமாகப் பிடித்துக்கொண்டன. தார் சுற்றுகிறார், அதாவது நெசவுக்கான ஊடை நூலைச் சிறு குழலில் சுற்றுகிறார் என்பதை மாமாதான் எங்களுக்குச் சொன்னார்.

அம்மாவின் பால்யத் தோழிக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். தைப்பூசத்துக்குப் பெண்கள் கூட்டமாக வடலூருக்கு நடந்து போகையில் பாடிய அருட்பாவை, அவர்கள் பாடிய அதே மெட்டில், மூச்சிரைக்க மூச்சிரைக்கப் பாடிப் பதிவுசெய்து அனுப்பியவர் அவர். கடையில் வாங்கிய எந்த ஒலிப்பதிவிலும் அந்த மெட்டு இல்லை. பொழுது சாயும் வேளையில், தம் வீட்டிலேயே இருந்துகொண்டு "வீட்டுக்குப் போகணும்" என்று கதவைத் தட்டும் அம்மா, இந்தக் குரலைக் கேட்டால் பல நாள்களில் உட்கார்ந்து உடன்பாடுகிறார். சில நாள்களில் அதுவும் பலிப்பதில்லை. அப்போது பாட்டை நிறுத்திவிட்டுத் திண்ணையில் சிறிது நேரம் நடக்கவைக்கிறோம்.

கைபேசியில் பாட்டுக்கு நடுவே விளம்பரக் குரல் புகுந்தால் அம்மா மிரண்டுபோவதைக் கவனித்து, எல்லாவற்றையும் பென்டிரைவில் ஏற்றித் தந்த எதிர்வீட்டுத் தம்பிக்கும், ஆடித் திருவிழாவில் நாங்கள் கேட்டவுடனே கூம்பு ஒலிபெருக்கியை எங்கள் வாசலிலிருந்து வேறு பக்கம் திருப்பிக்கொண்ட தெரு இளைஞர்களுக்கும் நன்றி. பாட்டு எதுவானாலும் சத்தம் மிகுந்தால் அம்மாவுக்கு அது அச்சத்தையே தருகிறது.

பகலில் வந்து கவனித்துக்கொள்ளும் அக்கா, குளியலறையில் சொம்பைக் கையிலெடுக்கும் முன்பே பாடத் தொடங்கிவிடுவார். தண்ணீரைக் கண்டாலே கையை ஓங்கிவந்த அம்மா, இப்போது அவர் விட்ட அடியைத் தாம் எடுத்துப் பாடுவதற்குள் தலைக்கு ஊற்றி முடிந்துவிடுகிறது. சுருதி சேர்கிறதா என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவர் தாமாகக் கண்டுபிடித்த இந்த வழி, நாங்கள் செலவிட்டு வாங்கிய ஹெட்போனைவிடப் பயன்பட்டது. ஹெட்போனை அம்மா முதல் நாளே பிடுங்கி எறிந்துவிட்டார்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். குறிஞ்சிப்பாடிப் பக்கத்தில் அக்காலத்தில் பெண்கள் தார் சுற்றும்போது பாடிய பாட்டுகள் எவருக்கேனும் நினைவிருந்தால், மாமாவிடம் பாடிப் பதிவுசெய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நன்றியுடன் மகனும் மகளும்,
மஞ்சக்குப்பம், கடலூர்.