பிளேட் எடுக்கும் முன்

சிவகாசி

அன்புள்ள சேகருக்கு,

சித்திரைக்குப் பிறகு உனக்கு ஒரு வரிகூட எழுதாமல் இருந்துவிட்டேன், மன்னித்துவிடு. வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. உன் மைத்துனர் மசாலாப் பாக்கெட்டில் பார்கோட்டைச் சிவப்பில் போடப் போகிறார் என்று நீ எழுதியதைப் படித்ததும் உடனே பேனாவை எடுத்தேன்.

சென்ற மாதம் நாங்கள் அச்சிட்ட மிட்டாய்ப் பெட்டிகள் பன்னிரண்டாயிரமும் திரும்பி வந்துவிட்டன. பெட்டியின் நிறத்தோடு பொருந்த வேண்டும் என்று வாடிக்கையாளர் விரும்பியதால், வெளிர்மஞ்சள் பரப்பின்மேல் கோடுகளைச் செம்பழுப்பில் அச்சிட்டிருந்தோம். அனுப்புவதற்கு முன் என் கைபேசியில் நானே ஸ்கேன் செய்து பார்த்தேன். பத்து முறையும் எண் வந்தது. கடையில் பில் போடும் இடத்திலோ ஒரு பெட்டிகூட ஸ்கேன் ஆகவில்லை.

கடைகளில் உள்ள ஸ்கேனர்களில் பெரும்பாலானவை சிவப்பு ஒளியை வீசி, திரும்பி வரும் ஒளியின் ஏற்ற இறக்கத்தை மட்டுமே படிக்கின்றன. இடைவெளி ஒளியைத் திருப்பி அனுப்ப வேண்டும், கோடு விழுங்க வேண்டும். செம்பழுப்பு மை சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுவதால், ஸ்கேனருக்குக் கோடும் வெற்றிடமும் ஏறத்தாழ ஒன்றுதான். கைபேசி கேமரா பச்சை, நீல ஒளிகளையும் சேர்த்துப் பார்ப்பதால் அதே கோடு அதற்குக் கறுத்துத் தெரிகிறது.

அடுத்த தெருவில் வெரிஃபையர், அதாவது பார்கோட்டின் தரத்தை அளந்து மதிப்பெண் போடும் கருவி, வைத்திருக்கும் அச்சகத்துக்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அது 660 நானோமீட்டர் சிவப்பு ஒளியில், கோட்டின் உயரம் முழுவதும் பத்து இடங்களில் அளக்கிறது. ஒவ்வோர் அளவிலும் மிக மோசமான அம்சம் எதுவோ அதுவே அந்த அளவின் மதிப்பு, பத்தின் சராசரியே இறுதி மதிப்பெண். பரப்பு 78 சதவீதம் ஒளியைத் திருப்பியது, கோடு 52 சதவீதம். கோடு திருப்பும் ஒளி பரப்பு திருப்புவதில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது விதி. அதனால் பத்திலும் பூஜ்யம். சில்லறைக் கடைப் பொருளுக்கு 4க்கு 1.5 ஆவது வேண்டும். கணக்கில் நீ 35 வாங்கித் தேறிய கதை அப்போது நினைவுக்கு வந்தது: கைபேசி சொல்வது தேறினானா இல்லையா என்பதை மட்டும், எத்தனை மதிப்பெண்ணில் தேறினான் என்பதை வெரிஃபையர்தான் சொல்கிறது.

வெள்ளைக் கட்டத்தில் கறுப்பு மையால் மீண்டும் அச்சிட்டோம். முதல் தாளில் 1.9தான் வந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தபோது மை பரவிக் கோடுகள் தடித்து, இடைவெளிகள் நெருங்கிக் கிடந்தன. மிக மெல்லிய கோடே 0.33 மில்லிமீட்டர்தான் என்பதால் மயிரிழைப் பரவலும் அதற்குப் பெரிது. அச்சிட வேண்டிய உருவத்தைத் தாங்கும் தகடான பிளேட்டிலேயே கோடுகளைச் சற்று ஒல்லியாக்கி ஓட்டிய பிறகு 3.6 வந்தது.

ஆகவே உன் மைத்துனரிடம் பிளேட் எடுப்பதை நிறுத்தி வைக்கச் சொல். கோடு கறுப்பாகவே இருக்கட்டும். முழு அளவு பார்கோடு என்றால் இடப்பக்கம் 3.63 மில்லிமீட்டர், வலப்பக்கம் 2.31 மில்லிமீட்டர் வெறுமையாக விடட்டும், அங்கே பூவேலையோ கரையோ வரக் கூடாது. டிசைனை இந்த வாரமே எனக்கு அனுப்பச் சொல். முதல் தாளை நானே வெரிஃபையரில் வைத்துப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
முத்து