மாம்பழ வாசம் சரி, உள்ளே இருப்பது என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேப் எனப்படும் மின்சிகரெட்டுகள் பிடிபடும்போதெல்லாம் எத்தனை பிடிபட்டன, என்ன பெறுமதி, எந்த இடம் என்று செய்தி போடுகிறீர்கள். அதற்குள் என்ன இருந்தது என்று ஒரு வரி வந்து நான் கண்டதில்லை. முப்பத்தொரு வருடம் இரசாயனவியல் படிப்பித்த எனக்கு அந்த ஒரு வரிதான் தேவைப்படுகிறது.

காரணம் என் வீட்டிலேயே கிடக்கிறது. போன மாதம் மனைவி உடுப்புத் தோய்க்கும்போது, பத்தாம் ஆண்டு படிக்கும் பேரனின் காற்சட்டைப் பையிலிருந்து ஒரு சாமானை எடுத்தா. பார்த்தால் ஹைலைற்றர் பேனை மாதிரி. மஞ்சள் நிறம், மாம்பழப் படம், "5%" என்று ஓர் எழுத்து. ரியூசனுக்குப் போகிற வழியில் சிநேகிதன் தந்தானாம். மூக்கில் வைத்துப் பார்த்தேன். கறுத்தக்கொழும்பான் வாசம் இல்லை, மாம்பழ ரொபி வாசம். பூதக்கண்ணாடி வைத்துத் தேடியும் உள்ளே என்ன சேர்த்திருக்கிறது என்று ஓரிடத்திலும் இல்லை. செய்தவனின் முகவரியும் இல்லை.

ஐந்து வீதம் என்றால் பொடியனுக்கு அது சின்னக் கணக்கு. தொண்ணூற்றைந்து வீதம் வேறு ஏதோதானே என்று என்னிடமே கேட்டான். அவனை மேசையில் இருத்திக் கணக்குச் செய்வித்தேன். ஐந்து வீதம் என்றால் ஒரு மில்லிலீற்றரில் ஏறத்தாழ 50 மில்லிகிராம் நிக்கொட்டின். இரண்டு மில்லிலீற்றர் இருந்தால் 100. ஒரு சிகரெட்டைக் குடித்தால் உடம்பில் சேர்வது ஒன்று, இரண்டு மில்லிகிராம்தான். அவ்வளவையும் இருமாமல் இழுக்க முடிகிறதே என்றால், அதற்கும் இரசாயனவியல்தான் பதில். நிக்கொட்டினோடு பென்சோயிக் அமிலம் சேர்த்து உப்பாக்கிவிட்டால் தொண்டையில் அறுக்காது. புதிதாக இழுப்பவனை இருமல் தடுத்துக்கொண்டிருந்தது. அந்த இருமலைத்தான் முதலில் எடுத்துவிட்டார்கள்.

நிக்கொட்டின் எங்கள் ஊருக்குப் புதுச் சாமான் இல்லை. ஐயா கொக்குவிலில் சுருட்டுக் கொட்டிலில் இருந்தவர். ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுற்றுவார்கள். உங்கள் தொழிலுக்கும் அந்தக் கொட்டில்களுக்கும் பழைய உறவு உண்டு. புகையிலைக் காம்பை அவித்த தண்ணீரைப் பூச்சிக்கு அடிப்பதை நான் தோட்டத்தில் கண்டிருக்கிறேன். ஈர இலையை வெறும் கையால் முறித்தவர்கள் தலைசுற்றி வரம்பில் குந்தியிருந்து சத்தி எடுத்ததையும் கண்டிருக்கிறேன். தோலால் ஊறிப்போனதே அந்தப் பாடு படுத்தும். சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில் மாம்பழ வாசத்தோடு வேப்பில் விடும் திரவப் போத்தல் கிடந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

சரி, நிக்கொட்டினை விடுவோம், அது எல்லாருக்கும் தெரிந்த எதிரி. திரவத்தில் பெரும்பங்கு புரொப்பிலீன் கிளைக்கோலும் கிளிசரினும். முதலாவது, இசைநிகழ்ச்சி மேடைகளில் செயற்கைப் புகைக்குப் போடுவது. இரண்டாவது பாமசியில் போத்தலில் கிடைக்கும். இரண்டும் சாப்பாட்டிலும் சேர்கின்றன. வேப்புக்குள் இருக்கும் கம்பிச் சுருளில் வைத்துக் காய்ச்சும்போதுதான் கதை மாறுகிறது. வடைச் சட்டியில் எண்ணெய் அளவுக்கு மிஞ்சிக் காய்ந்தால் கண் எரிந்து தண்ணீர் ஓடுமே, அந்தக் காரத்துக்குக் காரணம் அக்ரொலீன். எண்ணெயில் உள்ள கிளிசரின் பகுதி உடைந்து வருவது அது. வேப்பிலும் கிளிசரின்தான் காய்கிறது. அதோடு போமல்டிகைட்டும் உண்டாகும். உயிரியல் ஆய்வுகூடத்தில் தவளையைப் பழுதாகாமல் போட்டு வைக்கும் போமலின் இருக்கிறதே, அது இதைத் தண்ணீரில் கரைத்ததுதான். சூடு கூடக் கூட, சுருள் காய்ந்து கருகக் கருக, இரண்டும் கூடும். சுருளிலிருந்து நிக்கல், குரோமியம், ஈயம் போன்ற உலோகங்களும் ஆவியோடு வருவதை அளந்து காட்டியிருக்கிறார்கள்.

வாசத்துக்குப் போடும் பொருள்கள்தான் எனக்குப் பெரிய சந்தேகம். "சாப்பாட்டில் சேர்க்கிற சாமான்தானே" என்று ஒரு சமாதானம் சொல்கிறார்கள். சாப்பாடு போகிற வழி வேறு, மூச்சுப் போகிற வழி வேறு. பட்டர் வாசம் தரும் டைஅசெற்றைலைத் தின்றால் ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் மிசூரி மாநிலத்துப் பொப்கோர்ன் தொழிற்சாலை ஒன்றில் அதன் ஆவியைச் சுவாசித்து வேலை செய்தவர்களில் எட்டுப் பேருக்கு, சிறு மூச்சுக்குழாய்கள் தழும்பாகி அடைபடும் நோய் வந்தது 2000ஆம் ஆண்டில் தெரியவந்தது. 2015இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 51 வகை வாசத் திரவங்களைச் சோதித்தபோது 39இல் டைஅசெற்றைல் இருந்தது. வேப்பால் அந்த நோய் நிச்சயம் வரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நான் ஏற்கமாட்டேன். சிகரெட் புகையிலும் அந்தப் பொருள் உண்டு, அதில் இன்னும் கூட. ஆனால் நுரையீரலுக்குள் விடத் தேவையில்லாத ஒன்றை ஏன் விடவேண்டும்?

விற்றமின் ஈ கதையும் அப்படித்தான். முகத்துக்குப் பூசுகிறோம், குளிசையாக விழுங்குகிறோம். 2019இல் அமெரிக்காவில் கள்ளச்சந்தைக் கஞ்சா வேப்புகளில் எண்ணெயைத் தடிப்பாக்க விற்றமின் ஈ அசெற்றேற்றைக் கலந்தார்கள். வேப் இழுத்தவர்களுக்குக் கடும் நுரையீரல் நோய் வந்தது. பெரும்பாலும் இதுதான் காரணம் என்கிறார்கள். 2020 பெப்ரவரி வரை 2,807 பேர் பதிவானார்கள். 68 பேர் இறந்தார்கள். போத்தலைக் கையில் வைத்திருந்தவர்களுக்கு உள்ளே அது இருப்பது தெரிந்திருக்காது.

நல்லூர்த் திருவிழாவுக்கு லண்டனிலிருந்து வந்து நின்ற மருமகன், "மாமா, சிகரெட்டை விட இது 95 வீதம் தீங்கு குறைவு என்று எங்கட அரசாங்கமே சொன்னது" என்றான். உண்மைதான். இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை 2015இல் அப்படிச் சொன்னது. பதினைந்து வருடம் சிகரெட் குடித்து, அதை விட்டுவிட்டு இதற்கு மாறியவன் அவன். அவனோடு எனக்கு வழக்கில்லை. அவனுடைய போத்தலை வாங்கிப் பார்த்தேன். ஒரு மில்லிலீற்றரில் நிக்கொட்டின் 20 மில்லிகிராம், அங்கே சட்டம் விடுகிற உச்ச அளவு. சேர்மானம் எழுதியிருந்தது, எச்சரிக்கைத் தாளும் இருந்தது. டைஅசெற்றைல் அங்கே சேர்க்கக்கூடாது. பேரனின் காற்சட்டைப் பையில் இருந்ததற்கு இதில் ஒன்றும் இல்லை. அதோடு, பேரன் சிகரெட்டைத் தொட்டதே இல்லை. எதை விடப் பாதுகாப்பு என்று அவனுக்குச் சொல்வது?

எங்கள் நாட்டில் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்குப் புகையிலைப் பொருள் விற்கமுடியாது. 2016இல் புகையிலை அடங்கிய மின்சிகரெட்டுகளையும் தடைசெய்தார்கள். திரவத்தில் "புகையிலை அடங்கியதா" என்று சட்டத்தரணிகள் வாதாடிக்கொள்ளட்டும். எனக்குத் தேவையானது வேறு. பிடிபடுகிறவற்றில் சிலவற்றையாவது பகுப்பாய்வுக்கு அனுப்பி, என்னென்ன எவ்வளவு இருந்தன என்று அதிகாரிகள் வெளியிடவேண்டும். அவர்கள் வெளியிடும்வரை நீங்கள் ஒவ்வொரு செய்தியிலும் அதைக் கேட்டு எழுதவேண்டும். "போதைப்பொருள்" என்ற ஒரு சொல்லுக்குப் பொடியன்கள் பயப்படுவதில்லை. கணக்குச் செய்த அன்று பேரனின் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

கடைசியாக ஒரு கேள்வி. உள்ளே லித்தியம் பற்றரியும் மிச்ச நிக்கொட்டினும் இருக்கிற அந்தச் சாமானை எங்கே போடுவது? குப்பையோடு எரிக்கப் பயம், கிணற்றடியில் தாழ்க்கவும் மனமில்லை. மூடி இறுக்கிய ஜாம் போத்தலில் அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறேன். விபரம் தெரிந்த வாசகர் யாராவது உங்கள் பத்திரிகை மூலம் சொன்னால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இரசாயனவியல் ஆசிரியர்,
கொக்குவில், யாழ்ப்பாணம்.