எதிரே நின்றவரையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கியூபா மல்யுத்த வீரர் மீஹாயின் லோபஸ் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். 2008 பெய்ஜிங்கில் தொடங்கி 2024 பாரிஸ் வரை ஒரே தனிநபர் போட்டியில் தொடர்ந்து ஐந்து தங்கம், ஒலிம்பிக்கில் வேறு யாருமே செய்யாத காரியம், கடைசியில் காலணிகளைக் கழற்றி நடுவில் வைத்துவிட்டு அவர் விடைபெற்ற படம் என்று எல்லாம் நன்றாக இருந்தது. ஆனால் அந்த இறுதிப் போட்டியில் அவரிடம் 6-0 என்று தோற்றவருக்கு ஒரே வரிதான், அதுவும் 'சிலி வீரர்' என்று மட்டும். அதுதான் எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

அந்த யாஸ்மானி அகோஸ்டா பிறந்ததும் கியூபாவில்தான். லோபஸ் கூடவே பயிற்சி செய்து வளர்ந்தவர். இரண்டு பேருமே கனரகப் பிரிவு, இரண்டு பேருமே கிரேக்க-ரோமன் பாணி, அதாவது இடுப்புக்குக் கீழே பிடிக்கவே கூடாது. ஒலிம்பிக்கில் ஒரு எடைப்பிரிவுக்கு ஒரு நாட்டிலிருந்து ஒருவர்தான் போக முடியும். அந்த ஒருவர் லோபஸாக இருக்கும்போது இன்னொருவர் என்னதான் செய்வார்? 2015-ல் போட்டிக்காகச் சிலி போன அகோஸ்டா ஊர் திரும்பவில்லை. காவலாளி வேலை பார்த்தார், பயிற்சியை விடவில்லை, 2017 உலக சாம்பியன்ஷிப்பில் சிலிக்காக வெண்கலம் வாங்கினார். டோக்கியோவில் பதக்கம் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நழுவியது, வெண்கலத்துக்கான போட்டியில் தோற்றுப்போனார். அப்புறம் பாரிஸ். இறுதிக்கு வந்து பார்த்தால் எதிரே நிற்பது யார்? யாருக்குப் பின்னால் இடம் கிடைக்காமல் நாட்டையே விட்டு வந்தாரோ, அதே லோபஸ், 42 வயதை நெருங்கிக்கொண்டிருந்த லோபஸ்!

அன்று தோற்றாலும் அவர் வாங்கிய வெள்ளிதான் மல்யுத்தத்தில் சிலிக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கல்லூரியில் மூன்று வருடம் நானும் மல்யுத்தம் செய்தவன், அந்த மூன்று வருடமும் என் எடையில் எங்கள் அணிக்குப் போனது வேறொருவர். தினமும் அவர் என்னைத் தூக்கிப் போட்டுத்தான் பழகுவார், நானும் விடாமல் எழுந்து நிற்பேன். அவர் வாங்கிய பதக்கங்களில் என் தோள்வலியும் கொஞ்சம் இருக்கிறது என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன். லோபஸ் ஐந்து தங்கம் வென்றதற்குப் பின்னாலும் அவரோடு தினம் மல்லுக்கு நின்றவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்!

அகோஸ்டாவைப் பற்றி முழுப் பக்கம் ஒன்று எழுதுங்கள். முடிந்தால் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்திருக்கும் படத்தோடு.

அன்புடன்,
ஒரு வாசகர், திண்டுக்கல்