அது திருவிழா அல்ல, சந்தை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தஞ்சாவூரில் இருக்கும் என் அப்பா காலையில் காபியோடு உங்கள் நாளிதழைப் படித்துவிட்டு, எனக்குப் பிடிக்கும் என்று தோன்றுவதையெல்லாம் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். போன வாரம் அப்படி வந்தது வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தில் இருந்த ஒரு ராட்டினப் படம். இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் 700 ஆண்டுகளாக நடக்கும் வாத்துத் திருவிழாவில் ராட்டினம் சுற்றி மகிழும் மக்கள் என்று கீழே இரண்டு வரி. "உங்க ஊர்தானே பாப்பா?" என்று கேட்டிருந்தார். என் ஊர்தான். 14 வருஷமாக இங்கே நர்ஸாக இருக்கிறேன், அக்டோபர் பிறந்தால் வார்டில் எல்லோரும் பேசுவது இந்தச் சந்தையைப் பற்றித்தான். படம் நன்றாகவே இருந்தது, ஆனால் அந்த இரண்டு வரியில் இந்த ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஒன்றுமே இல்லையே என்று எனக்கு மனசு ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கூஸ் ஃபேர் என்பது இதன் பெயர், கூஸ் என்றால் ஒரு பெரிய வாத்து வகை, ஃபேர் என்றால் சந்தை. செப்டம்பர் 21-ல் வரும் புனித மத்தேயு நாளை ஒட்டித் தொடங்கியது என்பது உண்மை, ஆனால் ஜனங்கள் கூடியது விற்கவும் வாங்கவும்தான், அதனால் சந்தை என்பதே சரியான சொல். 1284-ல் முதலாம் எட்வர்டு மன்னர் இந்த நகரத்துக்குக் கொடுத்த சாசனத்திலேயே இந்தச் சந்தை ஏற்கெனவே நடப்பதாக வருகிறது, அப்படியென்றால் அதற்கும் முந்தியது. கூஸ் என்ற பெயர் நகரக் கணக்குகளில் எழுத்தில் வருவது 1541-ல். அப்புறம் அந்த ராட்டினம்! நீராவி இயந்திரம் வைத்துச் சுற்றும் குதிரை ராட்டினங்கள் வந்ததே 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். அதற்கு முந்தைய 600 வருஷமும் இங்கே வந்து போனவை பறவைகளும் பாலாடைக்கட்டியும் மற்றச் சரக்குகளும்.

கூஸ் என்பது நாம் வயலில் பார்க்கிற வாத்தைவிடப் பெரியது, கழுத்து நீண்டது, கோபம் வந்தால் சீறிக்கொண்டு துரத்தும். கிழக்கு இங்கிலாந்து மாவட்டங்களான லிங்கன்ஷயரிலும் நார்ஃபோக்கிலும் வளர்த்து, அறுவடை முடிந்த வயலில் சிந்திய தானியத்தை மேயவிட்டு, நன்றாகக் கொழுத்ததும் இங்கே ஓட்டி வருவார்கள். செப்டம்பர் 29 மைக்கேல்மஸ் என்ற கிறிஸ்தவத் திருநாள், குத்தகை கட்ட வேண்டிய நாள், அன்றைக்கு வீடுகளில் இந்தப் பறவையைச் சமைப்பார்கள், அந்தக் கணக்கில்தான் சந்தையும் செப்டம்பரில் இருந்தது. சில வருஷங்களில் 20,000 வரை வந்ததாகச் சொல்வார்கள். லாரியும் ரயிலும் இல்லாத காலம், எல்லாம் நடைதான், ஒரு நாளைக்குப் பத்து மைல் கடந்தாலே பெரிய விஷயம். அவ்வளவு தூரம் நடந்தால் பாதம் தேய்ந்து புண்ணாகிவிடுமே, அதற்கு என்ன செய்தார்கள் தெரியுமா? பறவைகளை முதலில் தார் மேலும் அப்புறம் மணல் மேலும் நடக்கவிட்டார்களாம், காலில் ஒட்டிக்காய்ந்து செருப்பு மாதிரி ஆகிவிடும். பக்கத்து வீட்டுப் பாட்டி இதைச் சொன்ன அன்றைக்கு நான் உள்ளங்காலில் கட்டு மாற்றும் நோயாளிகளை நினைத்துக்கொண்டேன், இத்தனை அக்கறையாக ஒரு வழியைக் கண்டுபிடித்த மனிதர் யாரோ, பெயர் கூடத் தெரியாமல் போய்விட்டார்.

செப்டம்பரில் இருந்த சந்தை அக்டோபருக்குப் போனதும் ஒரு கதை. 1752-ல் இங்கிலாந்து பழைய நாட்காட்டியை விட்டுப் புதியதற்கு மாறியபோது செப்டம்பர் 2-க்கு மறுநாள் 14 என்றாகி, 11 நாட்கள் காணாமல் போயின. காகிதத்தில் தேதியை மாற்றலாம், வயலில் இருக்கிற பறவை அதற்காக 11 நாள் முன்னதாகக் கொழுக்குமா? செப்டம்பர் 21-ல் நடந்துகொண்டிருந்த சந்தையை அப்படியே 11 நாள் தள்ளி அக்டோபர் 2-க்குக் கொண்டுபோய்விட்டார்கள். இன்றும் அது அக்டோபரை ஒட்டித்தான் நடக்கிறது. "கூஸ் ஃபேர் வந்தாச்சு, கனமான கோட்டை எடு" என்று அந்தப் பாட்டி வருஷாவருஷம் எனக்குச் சொல்வதற்கும் இதுதான் மூலம்.

நீங்கள் கட்டாயம் எழுதியிருக்க வேண்டியது 1766-ஐப் பற்றி. அது விளைச்சல் சரியில்லாத வருஷம், நாடு முழுவதும் சாப்பாட்டுக்காகக் கலவரங்கள். சந்தையில் ஐம்பது கிலோ பாலாடைக்கட்டி 28 முதல் 36 ஷில்லிங் வரை போனது, கூலி வேலை செய்கிறவர்களால் பக்கத்திலேயே போக முடியாத விலை. அந்த நேரத்தில் லிங்கன்ஷயர் வியாபாரிகள் வந்து மொத்தமாக வாங்கி ஏற்றப் பார்த்தார்கள். எங்களுக்கு மிஞ்சியதுதான் வெளியூருக்கு என்று ஊர் ஜனம் திரண்டு கடைகளைக் கவிழ்க்க, வண்டிச் சக்கரம் மாதிரி இருந்த கட்டிகள் சந்தையை ஒட்டிய தெருக்களில் உருண்டு ஓடின. சமாதானம் பண்ண வந்த மேயரையே ஒரு கட்டி இடித்துக் கீழே தள்ளிவிட்டது. இந்த ஊரில் இதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள், எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. படையை வரவழைத்துச் சுட்டதில், தன் சரக்குக்குக் காவல் நின்ற ஒரு விவசாயி குண்டடிபட்டு இறந்துபோனார். பசித்த ஜனம் ஒரு பக்கம், சரக்கைக் காப்பாற்ற நின்ற குடியானவர் ஒரு பக்கம், நடுவில் சந்தை. இதைத் திருவிழா என்று போட்டால் அந்த மனிதர்கள் எங்கே போவார்கள்?

ரயில் வந்த பிறகு கால்நடையாக ஓட்டி வரும் பறவைகள் குறைந்தன, வியாபாரம் கடைகளுக்கு நகர்ந்தது, எட்டு நாள் சந்தை 1876-ல் ஐந்தாகவும் 1880-ல் மூன்றாகவும் சுருங்கியது. காலியான இடத்தில் மிருகக் காட்சி, பொம்மலாட்டம், நகரும் படம், ராட்டினம் என்று வந்து உட்கார்ந்தன. ஊருக்கு நடுவில் இருந்த பழைய சந்தைத் திடலில் புது நகரசபைக் கட்டடம் எழும்பியபோது, 1928-ல் ஃபாரஸ்ட் மைதானத்துக்கு மாற்றினார்கள். காடு என்று பெயர்தானே தவிர ஒரு காலத்தில் குதிரைப் பந்தயம் நடந்த திறந்தவெளி அது. இடம் மாறினால் சந்தையே செத்துவிடும் என்று அப்போது நிறையப் பேர் பயந்தார்கள், அப்படி ஆகவில்லை. 1646-ல் கொள்ளைநோய், பிறகு இரண்டு உலகப் போர்கள், 2020, 2021-ல் கொரோனா, இந்தக் காரணங்களால்தான் நின்றிருக்கிறது. கொரோனாவின் முதல் அக்டோபரில் வார்டில் இரவு வேலை பார்த்துவிட்டு விடிகாலையில் அந்த மைதானம் வழியாகத்தான் வீட்டுக்கு வந்தேன். வெறும் புல்லாகக் கிடந்தது. இந்த ஊர் எனக்கும் சொந்த ஊராகிவிட்டது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

2022-ல் பத்து நாளாகக் கூட்டினார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. காலங்காலமாக ராட்டினக்காரக் குடும்பங்கள் இங்கே முடித்துக்கொண்டு இரவோடு இரவாகக் கழற்றி ஏற்றி அடுத்து ஹல் ஊர்ச் சந்தைக்குப் போவார்கள், அந்த வருஷம் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. தலைமுறை தலைமுறையாக வண்டியிலேயே பிறந்து வளர்ந்து ஊர் ஊராகப் போகிற அவர்களுக்கு எது சௌகரியம் என்று முதலில் கேட்டிருக்கலாம்.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட முடியாது. காய்ந்த பட்டாணியை ஆப்பசோடா போட்டு ராத்திரி முழுக்க ஊறவைத்து, மசியும் வரை வேகவிட்டு, கிண்ணத்தில் ஊற்றித் தருவார்கள். அதன் மேல் புதினாவை அரிந்து வினிகரும் சர்க்கரையும் கலந்த சாஸை நாமே விட்டுக்கொள்ள வேண்டும். வாயில் வைத்தால் முதலில் புளிப்பு, அப்புறம் மாவு மாதிரிக் கரையும் பட்டாணி. குளிரில் கை விறைத்து நிற்கும்போது அந்தக் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வதே பாதிச் சுகம். இன்னொரு கடையில் சர்க்கரைப் பாகை ஜவ்வு மிட்டாய் பதத்துக்கு இழுத்து, சூடு ஆறுவதற்குள் விரலாலேயே கொண்டையும் வாலும் கிள்ளி, குச்சியில் சேவலாக நிறுத்திக் கொடுக்கிறார்கள். ஒரே குடும்பம் பல தலைமுறையாகச் செய்துவந்த வேலை அது. என் பெண்ணுக்கு வாங்கிக் கொடுத்தேன், கடிக்க மனசு வராமல் ஒரு வாரம் ஜன்னலில் வைத்திருந்தாள்.

அடுத்த அக்டோபரில் அப்பா இங்கே வருகிறார். மேயர் வெள்ளி மணியை அடித்துச் சந்தையைத் தொடங்கிவைப்பதை முன்வரிசையில் நின்று பார்க்க வேண்டும் என்று இப்போதே சொல்லிவிட்டார். நீங்களும் அந்தச் சமயத்தில் மறுபடி படம் போட்டால், ராட்டினத்தோடு அந்தப் பட்டாணிக் கடையையும் ஒன்று போடுங்கள். கீழே வாத்துச் சந்தை என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நாட்டிங்காம்