வெளிநாட்டில் பள்ளி தேடும் பெற்றோருக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஆண்டு முடிகிற நேரத்தில் டி.சி. கேட்டு அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பலர் வேலை கிடைத்து வேறு நாட்டுக்குக் குடிபோகிறவர்கள். கையெழுத்துப் போட்டபடி நான் நின்றுகொண்டே பேசுகிற இரண்டு நிமிடம் இந்த விஷயத்துக்குப் போதவில்லை. எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அங்கே எந்த ஸ்கூல் நல்லா இருக்கும் மேடம்?" பள்ளியின் பெயரை என்னால் சொல்ல முடியாது. எதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்று சொல்ல முடியும், அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

முதல் வேலையாக, ரேங்க் பட்டியலை மூடி வையுங்கள். இணையத்தில் கிடைக்கும் அந்தப் பட்டியல்கள் பெரும்பாலும் தேர்வு மதிப்பெண்ணை வைத்துப் போடப்படுபவை. அந்த மதிப்பெண்ணை வாங்கியவர்கள் அந்த ஊரிலேயே வளர்ந்து, அந்த மொழியிலேயே பேசிப் படித்த பிள்ளைகள். உங்கள் பிள்ளையோ ஆண்டின் நடுவில், நண்பர் யாரும் இல்லாமல், மொழி பாதி புரிந்தும் புரியாமலும் உள்ளே நுழையப் போகிறது. அப்படி வரும் பிள்ளையை ஒரு பள்ளி எப்படி எடுத்துக்கொள்ளும் என்று எந்தப் பட்டியலிலும் இருக்காது. அதனால் நேரே கேளுங்கள்: "மொழி தெரியாத பிள்ளை வந்தால் முதல் மூன்று மாதம் என்ன செய்வீர்கள்?" நல்ல பள்ளி இதற்குச் சட்டென்று விவரமாகப் பதில் சொல்லும். எந்த ஆசிரியர் தனியாகக் கவனிப்பார், வாரத்துக்கு எவ்வளவு நேரம், வகுப்புக்கு உள்ளேயா வெளியேயா, பக்கத்தில் எந்தப் பிள்ளையை உட்கார வைப்பார்கள், கழிவறைக்குப் போக வேண்டும் என்றால் பிள்ளை எப்படித் தெரிவிக்கும் என்று எல்லாமே அவர்கள் கையில் இருக்கும். "அதெல்லாம் குழந்தைங்க சீக்கிரம் பழகிடுவாங்க" என்று மட்டும் பதில் வந்தால் வேறு பள்ளியையும் போய்ப் பாருங்கள்.

வகுப்பு எண்ணைப் பார்த்துப் பதறாதீர்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. இங்கிலாந்தில் பெரும்பாலான பிள்ளைகள் 4 வயது முடிந்ததும் வரும் செப்டம்பரிலேயே ரிசப்ஷன் (முதல் வகுப்புக்கு முந்தையது) வகுப்பில் சேர்ந்துவிடுகிறார்கள், வயதைக் கணக்கிடும் தேதி ஆகஸ்ட் 31. பின்லாந்தில் முதல் வகுப்பே 7 வயதாகும் ஆண்டில்தான், அதற்கு முன் ஓராண்டு முன்தொடக்கக் கல்வி. ஆக, மே மாதம் 7 வயது நிறைந்த ஒரே பிள்ளை அந்தக் கோடை விடுமுறை முடிந்ததும் இங்கிலாந்தில் மூன்றாம் வகுப்பிலும் பின்லாந்தில் முதல் வகுப்பிலும் இருக்கும்! பிள்ளை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "எங்க பிள்ளை இங்கே இரண்டாவது முடிச்சாச்சு, அங்கே மறுபடி இரண்டாவதா?" என்று பள்ளி அலுவலகத்தில் சண்டை போடுகிற பெற்றோர் உண்டு, தயவுசெய்து வேண்டாம். புது மொழியில் காலூன்ற வேண்டிய பிள்ளைக்குத் தன் வயதுப் பிள்ளைகளோடு இருப்பதுதான் முக்கியம்.

ஆண்டு தொடங்கும் மாதமும் நாட்டுக்கு நாடு வேறு. ஆஸ்திரேலியாவில் ஜனவரி கடைசி அல்லது பிப்ரவரி, சிங்கப்பூரில் ஜனவரி, ஜப்பானில் ஏப்ரல், ஐரோப்பாவில் பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பர். வளைகுடா நாடுகளில் நம் பாடத்திட்டப் பள்ளிகள் ஏப்ரலில் தொடங்கும், பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளிகள் ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ. வேலையில் சேரும் தேதியைத் தள்ளிப்போட முடியுமா என்று கேட்கும் வாய்ப்பு உங்களுக்கு இருந்தால் இதையும் மனதில் வைத்துக் கேளுங்கள்.

அடுத்தது வீடு. இதில்தான் நிறையப் பேர் சிக்கிக்கொள்கிறார்கள், கணவர் முதலில் போய் அலுவலகத்துக்குப் பக்கமாக ஒரு வீட்டைப் பிடித்து ஓராண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார், அப்புறம் குடும்பம் போய் இறங்கிய பிறகுதான் பக்கத்துப் பள்ளியில் இடமே இல்லை என்று தெரியவரும். அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் அரசுப் பள்ளி என்றால் பெரும்பாலும் வீட்டு முகவரி எந்த எல்லைக்குள் விழுகிறதோ அந்தப் பள்ளிதான். இங்கிலாந்தில் விண்ணப்பிக்கும்போது பள்ளிகளை வரிசைப்படுத்தி எழுதலாம், ஆனால் கேட்பவர்கள் அதிகமானால் பல பள்ளிகளில் தூரத்தை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். அங்கே சின்ன வகுப்புகளில் ஒரு ஆசிரியருக்கு 30 பிள்ளைகளுக்கு மேல் பொதுவாகச் சேர்க்கக் கூடாது என்பது சட்டம், அதனால் "ஒரே ஒரு இடம் பார்த்துக் கொடுங்க" என்று கெஞ்சிப் பயனில்லை. கிடைத்த பள்ளியில் சேர்த்துவிட்டு, விரும்பிய பள்ளியின் காத்திருப்புப் பட்டியலிலும் பெயரை வைத்துக்கொள்ளலாம், ஒன்றை ஏற்றுக்கொண்டால் இன்னொன்று போய்விடாது. முடிந்தால் முதல் மாதத்துக்குத் தற்காலிகமாகத் தங்க ஓர் இடம் பாருங்கள். பள்ளியைப் பார்த்த பிறகு நீண்ட ஒப்பந்தம் போடுங்கள்.

அரசுப் பள்ளி என்றதும் சிலர் முகம் மாறுவதைப் பார்க்கிறேன். பணம் கட்டினால்தான் படிப்பு என்ற எண்ணத்தை விமானம் ஏறும்போது இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள். பல நாடுகளில் டாக்டர் பிள்ளையும் ஓட்டுநர் பிள்ளையும் ஒரே அரசுப் பள்ளியில்தான் படிக்கிறார்கள். தவிர, புதிதாக வரும் பிள்ளைக்கு மொழி கற்றுத்தரப் பழகிய ஆசிரியர்களும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறார்கள். அமெரிக்காவில் இது தயவு இல்லை, உரிமை. சான் பிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் தெரியாத சீன மாணவர்களுக்கு மொழி உதவி கொடுக்காமல் விட்டது தவறு என்று 1974இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. உரிமை என்று தெரிந்தால் கேட்பதற்குத் தயக்கம் வராது.

இரண்டு மூன்று ஆண்டில் திரும்பி வருகிறவர்களுக்கு மட்டும் கணக்கு கொஞ்சம் மாறும். வளைகுடாவுக்குப் போகிறவர்களில் பலர் அப்படித்தான். அங்கே வெளிநாட்டவர் பிள்ளைகள் பெரும்பாலும் தனியார் பள்ளியில்தான் படிக்கிறார்கள், நம் பாடத்திட்டமும் கிடைக்கிறது, திரும்பி வரும்போது இடறாமல் இருக்க அதுவே வசதி.

பள்ளியைப் பார்க்கப் போனால், பிள்ளைகள் இருக்கும் நேரத்தில் போங்கள். காலிக் கட்டடம் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். இடைவேளையில் மைதானத்தின் ஓரத்தில் நின்று பாருங்கள். தனியாக நிற்கும் பிள்ளையைப் பெரியவர் யாராவது கவனிக்கிறாரா? சுவரில் ஒட்டியிருப்பதெல்லாம் முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளைகளின் வேலை மட்டும்தானா, கோணல் எழுத்தும் இருக்கிறதா? நீங்கள் தட்டுத் தடுமாறிப் பேசும்போது அலுவலகத்தில் இருப்பவர் பொறுமையாகக் கேட்கிறாரா? உங்களிடம் பொறுமை காட்டாத இடம் உங்கள் பிள்ளையிடம் காட்டும் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

அடுத்து, எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் விஷயம். போன புதிதில் பிள்ளை பள்ளியில் வாயே திறக்காமல் இருக்கலாம், சில வாரம், சில பிள்ளைகள் பல மாதம்கூட. வீட்டில் கதை கதையாக அளக்கிற பிள்ளை அங்கே ஊமை மாதிரி உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டதும் உங்களுக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும். பயப்படாதீர்கள். அந்த நேரத்தில் பிள்ளை எல்லாவற்றையும் உள்ளே வாங்கிக்கொண்டிருக்கிறது, மொழி கற்பவர்களிடம் இது பரவலாகப் பார்க்கக்கூடிய கட்டம்தான். கேட்கும் திறனிலோ வேறு எதிலோ உங்களுக்கே சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள், ஆனால் புது மொழியில் பேசவில்லை என்பதை மட்டும் வைத்துப் பிள்ளைக்குக் குறை இருக்கிறது என்று பள்ளி சொன்னால், தமிழிலும் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொரு பக்கமும் உண்டு. ஓரிரண்டு ஆண்டில் பிள்ளை அந்த ஊர்ப் பிள்ளை மாதிரியே பேச ஆரம்பித்துவிடும், நீங்களும் ஆசிரியரும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைப்பீர்கள். விளையாட்டு மைதானத்தில் பேசும் மொழி வேறு, பாடப் புத்தகத்தின் மொழி வேறு. கனடாவின் மொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். பேச்சுக்குச் சுமார் 2 ஆண்டு என்றால் பாடத்தின் மொழிக்கு 5 முதல் 7 ஆண்டு வரை ஆகலாம் என்கிறார். ஆகவே மொழி உதவியைச் சீக்கிரமே நிறுத்திவிடாத பள்ளியாகப் பாருங்கள்.

"இனிமேல் வீட்டிலேயும் இங்கிலீஷ்லயே பேசுங்க" என்று அங்கே யாராவது அறிவுரை சொல்வார்கள். கேட்காதீர்கள்! தமிழில் யோசிக்க, விளக்க, வாதாடத் தெரிந்த பிள்ளைக்குப் புது மொழியில் அதே வேலையைச் செய்வது எளிதாகத்தான் வரும். இரவில் தமிழில் கதை சொல்லுங்கள், அன்று படித்த பாடத்தைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். சிங்கப்பூர் போகிறவர்களுக்கு ஒரு கூடுதல் வசதி, அங்கே தமிழ் பள்ளிப் பாடமாகவே இருக்கிறது.

கடைசியாகக் காகிதங்கள். பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, கடைசி இரண்டு ஆண்டு மதிப்பெண் அறிக்கை, டி.சி. எல்லாவற்றையும் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போடாதீர்கள். ஜெர்மனியில் 2020 மார்ச் முதல் தட்டம்மைத் தடுப்பூசிச் சான்று பள்ளிக்கே கட்டாயம். பாஸ்போர்ட்டில் பெயர் எந்தக் கட்டத்தில் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்றும் பாருங்கள். அப்பா பெயர் 'Given Name' என்ற கட்டத்தில் இருந்தால் வகுப்பில் பிள்ளையை அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், பாவம், திரும்பியே பார்க்காது. சேர்க்கும் அன்றே எப்படிக் கூப்பிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

டி.சி.க்கு விண்ணப்பிக்கும்போது போகிற நாட்டையும் எழுதுங்கள். வகுப்பாசிரியரிடம் சொல்லி, உங்கள் பிள்ளை எதுவரை படித்திருக்கிறது, எதில் ஆர்வம், எதற்குத் தயங்கும், எப்படிச் சொன்னால் புரிந்துகொள்ளும் என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கக் கடிதம் எழுதித் தரச் சொல்கிறேன். அங்கே பிள்ளையை ஏற்கும் ஆசிரியர் கையிலேயே அதைக் கொடுங்கள். கடிதம் தயாராக ஒரு வாரம் ஆகும், அதனால் கிளம்புவதற்கு முந்தின நாள் வராமல் கொஞ்சம் முன்னாலேயே வாருங்கள். பிள்ளையையும் கூட்டி வாருங்கள், நான் பேச வேண்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்