மாலை திரும்பும் நாள்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். "அலுவலகத்தை விட்டு வெளியே வருவதற்குள் இருட்டிவிடுகிறது, இனிமேல் மார்ச்சில்தான் ஓட்டம்" என்று போன வாரம் நீ தொலைபேசியில் சொன்னாயே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அன்று நான் மறுத்துப் பேசவில்லை. பேசியிருந்தால் வழக்கம்போல வாக்குவாதத்தில் முடிந்திருக்கும். எழுதினால் பொறுமையாகப் படிப்பாய்.

உன் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. ஆண்டின் மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21 அல்லது 22 அன்று வருகிறது என்பது சரி. ஆனால் சூரியன் எல்லா நாள்களையும்விட முன்னதாக மறைந்துவிடும் மாலை அன்று வருவதில்லை. பூமியின் அச்சு ஏறத்தாழ 23.4 பாகை சாய்ந்திருப்பதாலும், அது சூரியனைச் சுற்றும் பாதை முழு வட்டமாக இல்லாததாலும், பூமத்திய ரேகைக்கும் வட துருவத்துக்கும் நடுவில் இருக்கும் உன் ஊர் போன்ற இடங்களில் அந்த மாலை டிசம்பர் இரண்டாம் வாரத்திலேயே வந்து போய்விடுகிறது. அதற்கு ஈடாகக் காலை இருட்டுதான் ஜனவரி முதல் வாரம் வரை இழுத்துக்கொண்டு போகிறது. காலையில் ஓடுகிறவர்கள் அலுத்துக்கொண்டால் நியாயம் உண்டு. மாலையில் ஓடும் உனக்கோ ஆண்டு முடிவதற்கு முன்பே வெளிச்சம் திரும்பத் தொடங்கிவிடும். முதலில் நாளுக்குச் சில நொடிகள்தான் கூடும், பிறகு அது நிமிடமாகும். மார்ச்சில் பகலும் இரவும் சமமாகும் நாளையொட்டித்தான் பகல் மிக வேகமாக வளர்கிறது. நீ வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டால் இவ்வளவும் உனக்குத் தெரியாமலே நடந்து முடிந்திருக்கும்.

முப்பது ஆண்டுகளாக நான் ஒரே மைதானத்தில் டென்னிஸ் ஆடுகிறேன் என்று நீங்களெல்லாம் கேலி செய்வீர்கள். கோடுகளும் வலையும் மாறவில்லை என்பது உண்மை. ஆனால் பந்து மாதத்துக்கு ஒரு விதமாக நடந்துகொள்ளும். டென்னிஸ் பந்தைச் சோதிக்கும்போது 20 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 254 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விடுவார்கள். சாதாரணப் பந்து 135 முதல் 147 சென்டிமீட்டர் வரை எழும்ப வேண்டும் என்பது விதி. குளிர்ந்த காலையில் உள்ளே அடைபட்ட காற்றின் அழுத்தம் குறைந்து, ரப்பரும் இறுகிவிடுவதால், அதே பந்து முழங்காலுக்கு மேலே வரவே தயங்கும். பல ஆண்டுகள் நான் இதற்கு என் தோளைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். பனி விழுந்த தரையில் உருண்ட பந்து ஈரத்தைக் குடித்துக் கனத்துவிடும். அதைச் சுழற்றி அடித்தால் மேலிருந்து பொடித்துளிகள் வட்டமாகச் சிதறி என் கண்ணாடியில் வந்து ஒட்டும். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிற்கும் அந்த அரை நிமிடத்துக்காகவே நான் குளிர்காலத்தில் எழுந்து போகிறேன் என்று சொன்னால் உன் அம்மா நம்புவதில்லை.

கோடையைப் பற்றி நான் பெருமை பேச முடியாது. ஒரு வருடம் வெயில் திடீரென ஏறிய முதல் வாரத்தில், முந்தைய வாரத்து வேகத்திலேயே மூன்று செட் ஆடப் போய், தலை சுற்றி மரத்தடியில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உடல் வெப்பத்துக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். அதற்குள் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, வியர்வை சீக்கிரமாகச் சுரக்கிறது, அதில் உப்பும் குறைகிறது. அந்த அவகாசத்தைக் கொடுக்காதது என் தவறு, வெயிலின் தவறன்று. காற்றடிக்கும் நாள்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அவை எனக்குப் பிடிக்காது.

குளிரில் ஓடுவதற்கு நீ மாற்றிக்கொள்ள வேண்டியவை சிலவே. வாசலில் நிற்கும்போது இலேசாகக் குளிரும் அளவுக்கு மட்டும் உடுத்திக்கொள், பத்து நிமிடத்தில் உடம்பே சூட்டை உண்டாக்கிக்கொள்ளும். தோலை ஒட்டிப் பருத்திச் சட்டை வேண்டாம். வியர்வையைப் பிடித்துவைத்து, நீ நின்றவுடன் உன்னை நடுங்க வைத்துவிடும். குளிரில் தாகம் மந்தமாகத்தான் தெரியும், வியர்ப்பது நிற்பதில்லை; ஆகவே வீடு திரும்பியதும் தண்ணீர் குடி. இருட்டில் வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும்படி ஒளியைத் திருப்பும் பட்டையைக் கட்டிக்கொள். பாதையில் பனிக்கட்டி உறைந்திருந்தால் ஓடாதே, நட. வேகத்தைக் குறித்துவைக்கும் கைக்கடிகாரத்தை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனால் இன்னும் நல்லது, ஏனென்றால் செப்டம்பரில் ஓடிய வேகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் நீ பாதி சோர்ந்துபோகிறாய் என்பது என் சந்தேகம்.

உன்னிடம் கேட்பது இவ்வளவுதான். டிசம்பர் இரண்டாம் வாரத்தில் ஒரு விடுமுறை நாள், நீ வழக்கமாக ஓடும் அந்த ஏரிக்கரைப் பாதையில், சூரியன் மறையும் நேரத்தைக் குறித்து வை. மூன்று வாரம் கழித்து அதே இடத்தில் நின்று மறுபடி பார். எத்தனை நிமிடம் கூடியிருக்கிறது என்று எனக்குத் தொலைபேசியில் சொல். நானும் இங்கே மைதானத்தில் குறித்து வைக்கிறேன். கையுறையை மறந்துவிடாதே.

அன்புடன்,
அப்பா